உடம்பும் 37, ஊரும் 37: பிறகு ஏன் தாங்க முடியவில்லை?

உங்கள் கேள்வியை இப்படி எடுத்துக்கொள்கிறேன்: 'மனித உடம்பின் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ். சென்னையில் மே மாத நண்பகலும் 37 டிகிரி. இரண்டும் சமமாக இருக்கும்போது உடம்பு ஏன் இத்தனை பாடுபடுகிறது? அந்தச் சூடு உள்ளே எங்கே உண்டாகிறது, எப்படி வெளியேறுகிறது, அதைக் காவல் காப்பது எது?' உடலியல் கற்பித்த ஆண்டுகளில் பார்த்திருக்கிறேன்: பின்னால் வரும் மூன்றையும் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள், முதல் கேள்வியில்தான் தடுமாறுவார்கள். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் உடம்பு அணைக்க முடியாத ஓர் அடுப்பு. தூங்கினாலும் எரியும், பட்டினி கிடந்தாலும் எரியும். ஒருவர் ஒரு நாளில் 2000 கிலோகலோரி செலவிடுகிறார் என்று வைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ 97 வாட். முன்பு வீட்டுக் கூடத்தில் தொங்கிய 100 வாட் குண்டு பல்பு ஒன்று இரவு பகலாக நமக்குள் எரிவதற்குச் சமம். இந்த வெப்பம் அத்தனையும் வெளியே போயாக வேண்டும். போகாமல் அடைபட்டால் என்ன ஆகும்? 70 கிலோ எடையுள்ள உடம்பை ஒரு டிகிரி சூடாக்க 58 கிலோகலோரி போதும். இந்த அடுப்பு அதை நாற்பதே நிமிடங்களில் தந்துவிடும். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடம்புகூட மூன்றரை மணி நேரத்துக்குள் 42 டிகிரியைத் தொட்டுவிடும். அந்த நிலையில் புரதங்கள் உருக்குலையத் தொடங்கும், மூளை குழம்பும், உயிர் ஊசலாடும்.

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதைப் போல, வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு மட்டுமே தானாக ஓடும். உள்ளே 37, தோலில் 33 அல்லது 34, அறையில் 25 என்றால் வழி நல்ல சரிவாக இருக்கிறது. அடுப்பின் சூடு சிரமமின்றி வெளியே வழிந்துவிடும். அறையும் 37 ஆகிவிட்டால் சரிவே இல்லை. அடுப்போ எரிந்துகொண்டே இருக்கிறது. 'சமமாக இருக்கிறதே' என்று நீங்கள் நினைத்த அந்தச் சமநிலைதான் உடம்புக்கு வந்த நெருக்கடி. நமக்கு இதமாக இருக்க, சுற்றுப்புறம் நம்மைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைவாக இருக்க வேண்டும்.

இந்த அடுப்பில் என்ன எரிகிறது என்பதை முதலில் அளந்து பார்த்தவர்கள் பிரான்ஸின் லவாய்சியரும் லாப்லாஸும். 1780களின் தொடக்கத்தில், பனிக்கட்டி சூழ்ந்த ஒரு பாத்திரத்துக்குள் கினிப் பன்றி ஒன்றை விட்டு, அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று எடை போட்டார்கள். அது வெளியிட்ட கரியமில வாயுவையும் அளந்தார்கள். அதே அளவு வாயுவைத் தரும்படி கரியை எரித்தால் எவ்வளவு பனி உருகும் என்றும் பார்த்தார்கள். இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒத்துவந்தன. மூச்சு விடுவது சுடரில்லாமல் மெதுவாக நடக்கும் எரிதல் என்ற முடிவுக்கு வந்தார்கள். தெர்மாமீட்டரே மருத்துவமனைகளில் புழங்காத காலத்தில், ஒரு சிறு விலங்கையும் பனிக்கட்டியையும் தராசையும் வைத்துக்கொண்டு இந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

எரிதல் நுரையீரலில் நடக்கிறது என்று அவர்கள் நினைத்தது மட்டும் பிறகு திருத்தப்பட்டது. அது ஒவ்வொரு செல்லிலும், மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணறைகளில் நடக்கிறது. சோற்றிலிருந்து வந்த குளுக்கோஸ் அங்கே ஆக்சிஜனோடு சேரும்போது, கிடைக்கும் ஆற்றலில் பாதிக்கும் குறைவான பங்குதான் ஏடிபி என்ற சேமிப்பு நாணயமாகிறது. மிச்சம் அப்போதே சூடாக வெளிப்படுகிறது. நாணயமாகச் சேர்ந்ததும் கடைசியில் சூடாகத்தான் முடிகிறது: இதயம் இரத்தத்தைத் தள்ளுகிறது, இரத்தம் குழாய்ச் சுவரில் உராய்கிறது, உராய்வு வெப்பமாகிறது. மூட்டை தூக்குவது, படி ஏறுவது போல வெளி உலகில் ஏதாவது வேலை செய்தால் மட்டும் ஒரு சிறு பங்கு உடம்பை விட்டு வேறு வடிவில் போகும்.

ஓய்வில் இருக்கும்போது சூட்டின் பெரும்பகுதியைத் தருபவை கல்லீரல், மூளை, இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகள். எடையில் ஐம்பதில் ஒரு பங்கே இருக்கும் மூளை, ஓய்வுநேர ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. வேலை தொடங்கிவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். தசை செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் வேலையாகிறது. மீதி முழுவதும் சூடு. சாந்துச் சட்டி சுமந்து மாடி ஏறும் சித்தாள், நெல் மூட்டை தூக்கும் சுமைதூக்குபவர், செங்கல் சூளையில் கல் அடுக்குபவர் ஆகியோரின் உடம்புகள் 400, 500 வாட் வெப்பத்தை உண்டாக்கக்கூடும். நாற்காலியில் இருப்பவருக்கு நான் சொன்ன நாற்பது நிமிடம், இவர்களுக்கு எட்டு முதல் பத்து நிமிடம். வெயில் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர்கள் முன் வையுங்கள்.

'உடம்பு சூடு' பற்றியும் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் உங்கள் மனத்தில் அது இருக்கும். மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி, கோழிக்கறி சூடு, மோர் குளிர்ச்சி என்பது நம் வீடுகளின் பழைய பகுப்பு. அது தெர்மாமீட்டர் அளக்கும் சூடு அல்ல. மாம்பழம் சாப்பிட்டவரின் வாயில் தெர்மாமீட்டரை வைத்தால் எண் மாறாது. ஆனால் அந்தச் சொல்லால் குறிக்கப்படும் தொல்லைகள் பல உண்மையானவை. கோடையில் வரும் நீர்க்கடுப்புக்கு ஒரு காரணம், வியர்வையில் நீர் போய்விட்டதால் சிறுநீர் அடர்ந்துவிடுவது. வேர்க்குரு என்பது வியர்வைக் குழாயின் வாய் அடைபட்டு, வியர்வை தோலுக்கடியில் தேங்குவது. இரண்டுக்கும் நீரும் காற்றோட்டமும் உதவும். அந்த அளவில் பாட்டி சொன்ன மோரும் பானகமும் நுங்கும் சரியான பரிந்துரைகள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எரிச்சலும் காய்ச்சலும் சில நாட்களாகத் தொடர்ந்தால், அதைச் 'சூடு' என்று சொல்லி இளநீரோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. சிறுநீர்த் தொற்று அப்படித்தான் சிறுநீரகம் வரை ஏறுகிறது.

மிளகாயின் கதை வேறு. பச்சை மிளகாயைக் கடித்ததும் நெற்றி வியர்க்கிறதே, அது ஓர் அசலான ஏமாற்று வேலை. நம் நரம்பு நுனிகளில் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறந்துகொள்ளும் ஒரு புரத வாயில் இருக்கிறது. மிளகாயின் காரப் பொருளான கேப்சைசின் அதே வாயிலைத் திறந்துவிடுகிறது. 'வாய் வேகிறது' என்று மூளைக்குச் செய்தி போகிறது. மூளை வியர்வையைத் திறந்துவிடுகிறது. டேவிட் ஜூலியஸின் குழு இதை 1997-ல் கண்டறிந்தது. புதினா இலையின் மென்தால் இதேபோல் குளிர் உணர்வுக்கான வாயிலைத் திறக்கிறது. இந்தத் துறையின் கண்டுபிடிப்புகளுக்காகவே ஜூலியஸுக்கும் ஆர்டெம் படாபௌடியனுக்கும் 2021-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. காரம் என்பதை எரிச்சலோடும் சூட்டோடும் சேர்த்துப் பேசும் நம் பேச்சுவழக்கு தவறில்லை என்று அவர்கள் சோதனைச்சாலையில் காட்டிவிட்டார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி சூடு வெளியேறும் வழிகள். இதமான அறையில் உட்கார்ந்திருக்கும்போது பெரும்பங்கு, பாதிக்கும் மேல், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகச் சுவர்களை நோக்கிப் போகிறது. தோலை உரசிச் செல்லும் காற்று கொஞ்சம் எடுத்துச் செல்கிறது. உட்கார்ந்திருக்கும் தரையும் தொட்டிருக்கும் தூணும் மிகச் சிறிது எடுத்துக்கொள்கின்றன. கோடையில் பாயை ஒதுக்கிவிட்டு சிமெண்டுத் தரையில் படுப்பது அந்தச் சிறு பங்கைப் பெரிதாக்கிக்கொள்ளும் முயற்சி. இந்த மூன்று வழிகளுக்கும் மேலே சொன்ன சரிவு வேண்டும். சுவரும் காற்றும் 37 ஆகிவிட்டால் மூன்றும் அடைபடும். 40 ஆகிவிட்டால் அவை திசை மாறி, வெளிச் சூட்டை உள்ளே கொண்டுவரத் தொடங்கும்.

அப்போது மிஞ்சுவது ஒரே ஒரு வழி: வியர்வை. இதை நாம் சரியாகப் புரிந்துகொள்வதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். வியர்ப்பதால் உடம்பு குளிர்வதில்லை. வியர்வை உலர்வதால்தான் குளிர்கிறது. நீர் ஆவியாக மாறுவதற்குத் தேவைப்படும் பெருமளவு வெப்பத்தைத் தோலிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது. ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 580 கிலோகலோரி. சொட்டித் தரையில் விழுந்த வியர்வையும், துண்டால் துடைத்துப் பிழிந்த வியர்வையும் உடம்பைப் பொறுத்தவரை வீணாய்ப்போன நீர். மண்பானையை எண்ணிப்பாருங்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசிந்த ஈரம் வெளிப்புறத்தில் உலர்கிறது. உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. அதே பானைக்கு மெருகு பூசித் துளைகளை அடைத்துவிட்டால் குளிராது. நம் தோல் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் கொண்ட ஒரு மண்பானை.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டும். வெயிலில் அலைந்து வந்து அரை லிட்டர் குளிர்ந்த நீரைக் குடிக்கிறீர்கள். 10 டிகிரியில் இருந்த நீர் உடம்புக்குள் 37 டிகிரிக்கு வருவதற்கு எடுத்துக்கொள்ளும் வெப்பம் பதின்மூன்று, பதினான்கு கிலோகலோரிதான். அந்த அரை லிட்டர் பிறகு வியர்வையாகித் தோலில் முழுவதும் உலர்ந்தால் 290 கிலோகலோரியை வெளியேற்றும். இருபது மடங்குக்கும் மேல். தண்ணீரின் குளிர்ச்சியைவிடத் தண்ணீர்தான் முக்கியம். ஐஸ் இல்லையே என்று யாரும் குடிக்காமல் இருக்க வேண்டாம். ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் செய்து 2012-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், 50 டிகிரிக்குச் சூடாக்கிய நீரைக் குடித்துச் சைக்கிள் மிதித்தவர்களின் உடம்பில் தேங்கிய வெப்பம், குளிர்நீர் குடித்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. சூடான நீர் வியர்வையைத் தூண்டியதும், அந்த வியர்வை முழுவதும் உலர்ந்ததும்தான் காரணம். உச்சி வெயிலில் டீக்கடை பெஞ்சில் கூட்டம் குறையாததற்கு இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. உலர் காற்றில் மட்டும்.

'உலர் காற்றில் மட்டும்' என்பதில்தான் சென்னைக்கும் வேலூருக்கும் உள்ள வேறுபாடு அடங்கியிருக்கிறது. 1774-ல் சார்லஸ் பிளாக்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர், நண்பர்களோடு லண்டனில் சூடேற்றிய அறைகளுக்குள் நுழைந்து பார்த்தார். 127 டிகிரி செல்சியஸ் வரை சூடான உலர்ந்த அறையில் அவர் சில நிமிடங்கள் நின்று நலமாக வெளியே வந்தார். அதே அறையில் தகரத் தட்டில் வைத்த முட்டைகள் வெந்து இறுகிவிட்டன. மாட்டிறைச்சித் துண்டு அளவுக்கு மேலேயே வெந்துவிட்டது. இறைச்சி வெந்த இடத்தில் மனிதன் வேகாததற்குக் காரணம், அவன் தோல் ஓயாமல் நனைந்து ஓயாமல் உலர்ந்தது. ஆனால் நீராவி நிறைந்த அறையில், அதில் பாதிச் சூட்டைக்கூடத் தாங்குவது கடினமாக இருந்தது. காற்று ஏற்கனவே ஈரத்தால் நிரம்பியிருந்தால் வியர்வை எங்கே போகும்?

இதை அளக்கும் கருவி மிக எளியது: தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் வைப்பது. துணி உலர உலர அளவு இறங்கும். அது எங்கே நிற்கிறதோ அதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. நனைந்த தோல் அதிகபட்சம் எவ்வளவு குளிர முடியும் என்பதை அது சொல்லிவிடும். 42 டிகிரி வெயில், 20 சதவீத ஈரப்பதம் என்ற வேலூர் நண்பகலில் ஈரக்குமிழ் அளவு ஏறத்தாழ 24. கடற்காற்று வீசும் சென்னையில் 36 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் என்றால் அது 30. செய்தியில் வேலூர்தான் சுடுகிறது. உடம்புக்கு நெருக்கடி சென்னையில்தான் கூடுதல். வேலூரில் வெயிலை விட்டு நிழலுக்கு வந்து, துண்டை நனைத்துத் தோளில் போட்டால் ஆறுதல் கிடைக்கும். சென்னையின் புழுக்கத்தில் நிழலும் அதைத் தராது. புழுக்கம் என்ற சொல் நெல்லை ஆவியில் வேகவைக்கும் புழுங்கலோடு உறவுடையது. உடலியல் சொல்லும் அதே செய்தியை நம் மொழி முன்பே பிடித்து வைத்திருக்கிறது.

ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டினால், நிழலில், காற்றோட்டத்தில், தண்ணீர் குடித்துக்கொண்டு சும்மா இருந்தாலும் மனித உடம்பு பல மணி நேரம் தாங்காது என்று ஷெர்வுட், ஹூபர் என்ற இரு ஆய்வாளர்கள் 2010-ல் கணக்கிட்டார்கள். பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களையே வைத்துச் சோதித்தபோது, ஈரமான சூழலில் 30, 31 டிகிரியிலேயே அவர்களின் உள் வெப்பநிலை கட்டுக்கு அடங்காமல் ஏறத் தொடங்கியது. சென்னைக்கு நான் மேலே காட்டிய எண்ணை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மின்விசிறியைப் பற்றி ஒரு வார்த்தை. புழுக்கத்தில் விசிறி பெரும் உதவி. தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை விரட்டி வியர்வையை உலரவைக்கிறது. ஆனால் 40 டிகிரிக்கு மேலான உலர் வெக்கையில், அதிகம் வியர்க்காத முதியவர் மேல் விசிறி மட்டும் சுழன்றால் அனலை அவர் மேல் வாரி இறைப்பதாகவே முடியும். அங்கே முதலில் தோலை நனைக்க வேண்டும், பிறகு விசிறியைப் போட வேண்டும். என் அம்மா வைகாசி மாலைகளில் மொட்டை மாடியில் நான்கைந்து குடம் தண்ணீர் ஊற்றுவார். எங்களையும் ஈரத்துண்டோடு படுக்கச் சொல்வார். ஆவியாதல் என்ற சொல்லை நான் பள்ளியில் படித்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து.

இதையெல்லாம் காவல் காக்கும் இடம் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். தன் வழியே ஓடும் இரத்தத்தின் சூட்டை அது தானே உணர்கிறது; தோலிலிருந்தும் வயிற்றிலிருந்தும் முதுகுத்தண்டிலிருந்தும் செய்திகளைப் பெறுகிறது. சூடு சற்றே கூடினால் முதல் ஆணை தோலின் இரத்தக் குழாய்களுக்கு: விரியுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவாகத் தோலுக்குப் போகும் இரத்தம், கடும் வெப்பத்தில் ஏழு லிட்டர் வரை கூடக்கூடும். அந்த இரத்தத்தைத் தள்ளுவது யார்? இதயம். வெப்ப அலையில் இறக்கும் முதியவர்களில் பலர் உடம்பு கொதித்து இறப்பதில்லை. ஏற்கனவே நலிந்த இதயம் இந்தக் கூடுதல் பாரத்தை இழுக்க முடியாமல் நின்றுவிடுகிறது. இறப்புச் சான்றிதழில் 'மாரடைப்பு' என்றே இருக்கும். வெயிலின் பெயர் எங்கும் இருக்காது.

குளிர்ந்தால் ஆணைகள் எதிர்த்திசையில். தோலின் குழாய்கள் சுருங்கும், விரல்கள் சில்லிடும், உள்ளுறுப்புகளின் சூடு காப்பாற்றப்படும். மயிர் குத்திட்டு நிற்கும். அடர்ந்த உரோமம் உள்ள விலங்குக்கு அது போர்வை, நமக்கு வெறும் பழைய நினைவு. பிறகு நடுக்கம். வேலை எதுவும் செய்யாமல் தசைகள் தமக்குள் இழுபறி செய்து, வெப்ப உற்பத்தியைச் சிறிது நேரத்துக்கு நான்கைந்து மடங்காக்கிவிடும். பச்சிளங்குழந்தைக்குச் சரியாக நடுங்கத் தெரியாது. அதற்குப் பதிலாக முதுகிலும் கழுத்தைச் சுற்றியும் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. சூடு உண்டாக்குவதே அதன் வேலை. பெரியவர்களிடமும் அது கொஞ்சம் மிஞ்சியிருப்பதை 2009-ல் வெளிவந்த ஆய்வுகள் உறுதிசெய்தன.

எல்லாவற்றையும்விட வலுவான கருவி நம் நடத்தை. நிழலுக்கு நகர்வது, சட்டையைக் கழற்றுவது, ஜன்னலைத் திறப்பது, வேலையை நிறுத்துவது. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு, தோலோ கறுப்பு. அதனால்தான் அது குட்டையை விட்டு எழ மறுக்கிறது. அதன் உடலியலுக்கு அதுவே சரியான விடை. நகர முடியாதவர்கள், கழற்ற முடியாதவர்கள், நிறுத்த முடியாதவர்கள்தான் வெப்பத்தில் முதலில் விழுகிறார்கள்: தொட்டில் குழந்தை, படுத்த படுக்கையான முதியவர், முதலாளியின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட கூலியாள்.

காவல் என்று சொன்னேனே தவிர, காக்கப்படும் எண் கல்வெட்டு அல்ல. 37 என்பது ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் உண்டெர்லிக் என்ற மருத்துவர் ஏறத்தாழ 25,000 நோயாளிகளின் அக்குளில் அளந்து, 1868-ல் வெளியிட்ட சராசரி. ஃபாரன்ஹீட்டில் 98.6 என்று அது துல்லியமாகத் தெரிவது, வட்டமான ஓர் எண்ணை வேறு அளவைக்கு மாற்றியதால் வந்த தோற்றம். 1992-ல் அமெரிக்காவில் 148 பேரை அளந்தபோது சராசரி 36.8 தான் வந்தது. விடியற்காலையில் குறைந்தும், மாலையில் கூடியும், ஒரே நாளில் அரை டிகிரிக்கு மேல் ஏறி இறங்கும். கருமுட்டை வெளியான பிறகு பெண்களுக்கு அரை டிகிரி வரை உயரும். மாலை 37.2 இருந்ததற்காக யாரும் மாத்திரை விழுங்க வேண்டியதில்லை.

கடைசியாக, உயிரைக் காக்கக்கூடிய ஒரு வேறுபாட்டை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். காய்ச்சலும் வெயிலால் ஏறிய சூடும் ஒன்றல்ல. காய்ச்சலில் ஹைப்போதலாமஸ் தானே இலக்கை உயர்த்திக்கொள்கிறது. கிருமியைக் கண்ட வெள்ளணுக்கள் விடும் செய்திப் பொருட்களால் மூளையில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. இலக்கு 37-லிருந்து 39 ஆகிறது. இப்போது 37-ல் இருக்கும் உடம்பு தன்னைக் குளிர்ந்ததாக எண்ணுகிறது. அதனால்தான் காய்ச்சல் ஏறும்போது பல் கிடுகிடுக்கிறது, போர்வை கேட்கிறது. இறங்கும்போது வியர்த்துக் கொட்டுகிறது. பாராசிட்டமால் இந்தச் சுரப்பைத் தடுத்து இலக்கைப் பழைய இடத்துக்கு இறக்குகிறது. வெயிலால் ஏறிய சூட்டில் இலக்கு மாறவே இல்லை. ஹைப்போதலாமஸ் 37-க்காக முழு மூச்சாகப் போராடித் தோற்றுக்கொண்டிருக்கிறது. அங்கே பாராசிட்டமால் இறக்குவதற்கு எதுவும் இல்லை. வெப்பத்தால் ஏற்கனவே அடிபட்ட கல்லீரலுக்குக் கூடுதல் சுமைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் வீடு கட்டும் இடத்தில் நடந்தது இது. மதியம் இரண்டு மணிக்கு ஓர் இளம் தொழிலாளி உளறத் தொடங்கினார், பிறகு சரிந்தார். உடன் இருந்தவர்கள் அன்போடுதான் செய்தார்கள்: நிழலில் கிடத்தி, காய்ச்சல் மாத்திரையைப் பொடித்து வாயில் போட்டு, சோடா ஊற்றப் பார்த்தார்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நான் ஓடிப் போனபோது உடம்பு அனலாகக் கொதித்தது. சட்டை வியர்வையில் நனைந்தே இருந்தது. வியர்த்தால் அது ஹீட் ஸ்ட்ரோக் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள்; உழைப்பில் வரும் வகையில் வியர்வை இருக்கும். 40 டிகிரிக்கு மேல் சூடு, அதோடு குழப்பமோ வலிப்போ மயக்கமோ இருந்தால் போதும், அதுதான். 108-க்குச் சொல்லிவிட்டு, சுவருக்கு நீர் விடும் குழாயை அவர் மேல் திருப்பினோம். சட்டையைக் கழற்றி, தலையிலிருந்து கால்வரை நனைத்தபடி, இரண்டு பேர் அட்டைகளால் விசிறினார்கள். பெரிய தொட்டியில் குளிர்நீர் இருந்தால் கழுத்துவரை அமிழ்த்திப் பிடிப்பது இதைவிட வேகமாக வேலை செய்யும். முதல் அரை மணி நேரத்தில் சூடு இறங்கினால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் கண் திறந்து தன் பெயரைச் சொன்னார்.

பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவர் மலைப்பகுதியிலிருந்து வந்து அன்றோடு இரண்டே நாள். உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் வேண்டும். அந்த நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பங்கு கூடும். வியர்வை முன்னதாகவும் தாராளமாகவும் வரும். அதில் உப்பு குறையும். புதிதாக வந்தவர் சட்டை உலர்ந்ததும் வெள்ளைக் கோடுகள் தெரிவதும், பழகியவர் சட்டையில் அது மங்கியிருப்பதும் இதனால்தான். கடும் வெயிலில் புதிதாக வேலைக்கு வருபவருக்கு முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, அடுத்தடுத்த நாட்களில் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு என்று கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார்கள் தொழில்நல வல்லுநர்கள். ஊருக்குப் போய் ஓரிரு வாரம் கழித்துத் திரும்புபவருக்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். அவரும் படிப்படியாகத்தான் தொடங்க வேண்டும். அந்த மேஸ்திரியிடம் இதை எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரத்திலிருந்து அவர் தன் ஆட்களை விடியற்காலை ஆறு மணிக்கு இறக்கி, பதினொன்றரைக்கு நிறுத்தி, மூன்றரைக்கு மறுபடி தொடங்கினார்; நிழலில் இரண்டு மண்பானைகளும் வைத்தார்.